அக்காவின் கார்டை முத்திரை என்று நான் சொன்ன சனிக்கிழமை

சனிக்கிழமை வேதப் பள்ளியில் என்னோடு ஒரே பாயில் உட்கார்ந்திருந்தவர்களே, உங்களில் ஒருவர் போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் அனுப்பியிருந்தீர்கள். யாரோ ஒருவருடைய கைத்தோலுக்குள் அரிசி அளவு சிப் ஒன்றை வைக்கிற படம். வேதம் சொன்ன முத்திரை இதுதான், காலம் முடியப் போகிறது, பத்துப் பேருக்கு அனுப்பு என்று கீழே எழுதியிருந்தது. ஆளுக்கு ஒரு ஆமென் போட்டிருந்தீர்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைக் கட்டில்மேல் வீசினேன். நமக்கெல்லாம் நாற்பது நெருங்குகிறது. கண்ணாடி இல்லாமல் வசனம் வாசிக்க முடியவில்லை. இன்னுமா இந்த வேலை?

பதில் எழுதப் பார்த்தேன். குழுவில் நாலு வரியில் அடங்குகிற விஷயமாக இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். பாதி உங்களுக்குத் தெரியும். மீதிப் பாதியைப் போன வாரம் வரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது நம் சபை என்பது இடுப்பளவுச் சுவரும் அதன்மேல் மூங்கில் தட்டியும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும்தான். காலை பத்து மணிக்கே ஷீட் காய ஆரம்பித்துவிடும். பாட்டுக்கு எழுந்து நிற்கும்போது பாயின் கோரை காலில் ஒட்டிக்கொண்டு வரும். வெளியே ஒரகடம் ரோட்டை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். தார் கொதிக்கிற வாடையும் லாரிப் புழுதியும் தட்டி வழியாக உள்ளே வந்து கஞ்சிராவின் மேல்கூடப் படிந்திருக்கும். போன வருஷம் வேர்க்கடலை போட்டிருந்த நிலத்தில் இந்த வருஷம் கம்பெனி காம்பவுண்டு நிற்கும். என்னமோ நடக்கிறது என்று பெரியவர்களுக்குத் தெரிந்தது. அது என்ன என்று சொல்ல அவர்களுக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. பாஸ்டர் சொன்னார்.

பாஸ்டர் தெற்கத்திக்காரர். இரண்டாயிரமாவது வருஷம் பிறக்க இன்னும் சில மாதங்களே இருந்தன. அந்த எண்ணை அவர் சொல்கிற விதத்தில் நாம் பாயில் நெருங்கி உட்கார்ந்துகொள்வோம். நாள் இது, மணி இது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை, அதில் கெட்டிக்காரர். ஆனால் அடுத்த கிறிஸ்துமஸுக்குப் புதுத்துணி எடுப்போமா என்று நம்மில் ஒருத்தி கேட்டதற்கு, எடுத்தாலும் போடுகிறதற்கு நீ இங்கே இருப்பாயா என்று திருப்பிக் கேட்டார். அந்தப் பெண் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள்.

அந்தத் துணி சார்ட் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு பெட்ஷீட் அகலம். கடைசிக் காலத்தில் நடக்கப்போவதெல்லாம் இடமிருந்து வலமாக அதில் வரைந்திருந்தது: ஏழு முத்திரை, ஏழு எக்காளம், கடலிலிருந்து ஏறிவருகிற மிருகம், ஓரத்தில் தீக்கடல். படப்பையில் கடைப் பலகையும் கட்சிச் சின்னமும் எழுதுகிற பெயிண்டர்தான் வரைந்தது. அந்த ஆள் வேதத்தைக் கையால் தொட்டவர்கூட இல்லை. மிருகத்துக்கு ஏழு தலை வேண்டும் என்று பாஸ்டர் சொல்ல, ஐந்து தலையைத் தாராளமாக வரைந்துவிட்டார். மீதி இரண்டுக்கு இடம் போதவில்லை. கடைசி இரண்டும் பூனைக்குட்டித் தலைகளாக ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. நாம் அதைப் பார்த்துச் சிரித்தோம். பாஸ்டர் சிரிக்கவில்லை. ஏழு தலையும் ஏழு ராஜ்யம், கடைசியாக வருகிற இரண்டு ராஜ்யங்களும் பார்வைக்கு அற்பமாகத்தான் இருக்கும், அதுதான் தந்திரம் என்று ஒரு மணி நேரம் பிரசங்கம் பண்ணினார். பெயிண்டருக்குத் துணி பற்றாமல் போனதைத் தீர்க்கதரிசனம் ஆக்கிய மனுஷனிடம்தான் நம் அப்பா அம்மாக்கள் நம்மைப் படிக்க அனுப்பினார்கள்.

அந்தப் பயத்தை இன்று நினைத்தாலும் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். வீடு திறந்து கிடக்கிறது. அம்மாவின் செருப்பு வாசலில் இருக்கிறது. அடுப்பில் உலை பொங்கி வழிந்து விறகை அணைத்துக்கொண்டிருக்கிறது. கூப்பிட்டேன், யாரும் இல்லை. இயேசு வந்து எல்லாரையும் பரலோகத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார், என்னை மட்டும் விட்டுவிட்டார் என்று முடிவுகட்டிவிட்டேன். அதற்கு முந்தின நாள் தம்ளரில் இருந்த அக்காவின் பாலை ஒரு வாய் திருடிக் குடித்திருந்தேன். அதற்குத்தான் என்று நினைத்தேன். அம்மா பக்கத்து வீட்டுக்காரரின் ஆடு கிணற்றில் விழுந்ததென்று வெறுங்காலோடு ஓடியிருந்தாள், அவ்வளவுதான். திரும்பி வந்தவள், நான் வாசற்படியில் பாவாடையை நனைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தாள். பன்னிரண்டு வயதுப் பெண். ஒரு வாய் பாலுக்காக.

இப்போது அக்காவுக்கு வருகிறேன். அக்கா எனக்கு ஆறு வயது மூத்தவள். பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். காருக்கு ஒயர் கட்டுகிற கம்பெனி ஒன்று பெண்களை எடுக்கிறதென்று கேள்விப்பட்டு, தன் சிநேகிதியோடு பஸ் ஏறிப் போய்த் தேர்வு எழுதினாள். எழுதினாள் என்பது சும்மா பேச்சுக்கு. ஒரு பலகை, அதில் ஓட்டைகள், கையில் கலர் கலராக ஒயர்கள். படத்தைப் பார்த்து எந்த ஒயர் எந்த ஓட்டை என்று சொருக வேண்டும். அன்றைக்கு வந்திருந்த அத்தனை பெண்களிலும் முதலில் முடித்தவள் அக்காதான், ஒரு தப்புகூட இல்லை என்று சிநேகிதி வந்து அம்மாவிடம் சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தில் துளிப் பொறாமை இல்லை. இதை நான் பிறகு சொல்லப்போகிற விஷயத்துக்காக எழுதிவைக்கிறேன்.

ஒரு வாரம் டிரெய்னிங் போனாள். வீட்டிலும் விடவில்லை. பலகையில் ஆணி அடித்து, கம்பளி நூலைக் கலர் வாரியாக மாட்டிப் பழகுவாள். தாவணியால் கண்ணைக் கட்டிக்கொண்டு மாட்டுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று இரண்டு என்று எண்ண வேண்டும். அவள் விரல்கள் போகிற வேகத்துக்கு என்னால் எண்ண முடியாது. அக்கா அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

டிரெய்னிங் முடிந்த அன்று கார்டு கொடுத்தார்கள். நீலக் கயிறு, உள்ளே அக்காவின் போட்டோ, அதன் கீழே கறுப்புக் கோடு கோடாக ஒரு பட்டை. புதுப் பிளாஸ்டிக் வாசனை. என் கழுத்தில் போட்டுக் காட்டச் சொன்னேன், போட்டாள். கேட்டில் இந்தக் கோட்டை மிஷினில் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள் என்றாள். கேண்டீனிலும் காட்ட வேண்டும், காட்டினால்தான் தட்டு வரும், வாரத்தில் இரண்டு நாள் முட்டை உண்டு என்றாள். கார்டு இல்லாவிட்டால் வேனில்கூட ஏற்ற மாட்டார்கள் என்று பெருமையாகச் சொன்னாள். திங்கட்கிழமை முதல் ஷிப்ட்.

அந்தச் சனிக்கிழமைதான் பாஸ்டர் சார்ட்டில் மிருகத்தின் முத்திரைக்கு வந்திருந்தார். வலது கையிலோ நெற்றியிலோ போடுகிற அது இல்லாமல் ஒருவனும் வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது என்று விளக்கினார். கடைகளில் வருகிற பொருள்களின் மேல் இப்போதே கறுப்புக் கோடு போட ஆரம்பித்துவிட்டார்கள், அந்தக் கோடுகளுக்குள் மிருகத்தின் எண்ணான ஆறு ஆறு ஆறு ஒளிந்திருக்கிறது, பொருளுக்குப் போட்டவன் மனுஷனுக்கும் போடுவான் என்றார். பிறகு நம்மைப் பார்த்து, இந்த முத்திரை நம் ஊருக்கே வந்துவிட்டதற்கு யாராவது உதாரணம் சொல்ல முடியுமா, சொல்கிறவருக்குப் பரிசு என்றார்.

கை தூக்கியது நான்தான்.

உங்களில் அன்று வந்திருந்த இரண்டு மூன்று பேருக்கு மட்டும் ஞாபகம் இருக்கலாம். எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் அக்காவின் கார்டில் கறுப்புக் கோடு இருக்கிறது, அதைக் காட்டாவிட்டால் சோறு கிடையாது, வேன் கிடையாது, வலது கையால்தான் காட்ட வேண்டும் என்றேன். வலது கை என்பதை அக்கா சொல்லவே இல்லை. அது நானாகச் சேர்த்தது. வேதத்தில் வலது கை என்று இருந்தது, பதில் பொருந்த வேண்டுமே. எல்லாவற்றிலும் முழு மார்க் வாங்குகிற பிள்ளை நான். பாஸ்டரின் முகம் மாறியது. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுத் தலையில் கை வைத்து ஜெபித்தார். ஒரு ஜியாமெட்ரி பாக்ஸ் கொடுத்தார். மூடியில் ரோஜாப்பூ போட்டது.

மறுநாள் ஞாயிறு மத்தியானம் பாஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். யார் சொன்னது என்று அவர் சொல்லவில்லை. சபையில் ஜெபிக்கும்போது மனதில் ஒரு பாரம் உண்டானதாக மட்டும் சொன்னார். என் அப்பாவைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கொத்தனார். நாள் முழுக்க அந்தக் கம்பெனிகளுக்கே காம்பவுண்டு கட்டிவிட்டு, சாயங்காலம் ரோட்டோரம் விழுந்து கிடந்த மனுஷன். அவரைக் குடியிலிருந்து தூக்கி நிறுத்தியது பாஸ்டர்தான். நாற்பது நாள் எங்கள் வீட்டுக்கு நடந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதை நான் மறுத்தால் என் நாக்கு அழுகிப்போகும். ஆனால் அதனால்தான் என் கோபம் இரண்டு மடங்காகிறது. அந்த நன்றியை எந்த இடத்தில் செலவழித்தார் பாருங்கள்.

அப்பா கார்டைக் கேட்டார். அக்கா கழுத்திலிருந்து கழற்றவில்லை. பாஸ்டர் கழுத்தைக் காட்டி, இன்றைக்குக் கழுத்து, நாளைக்கு நெற்றி என்றார். அப்போது அக்கா பேசியது வார்த்தைக்கு வார்த்தை எனக்கு நினைவிருக்கிறது.

"பாஸ்டர், மிருகத்த கும்புட்றவங்களுக்குத்தான அந்த முத்திரன்னு போட்டுகீது? நான் இன்னா எவனயாச்சும் கும்புடவா போறேன்? ஒயர் சொருவப் போறேன்."

"வசனத்த எதுத்துப் பேசுத ஆவி இது, பாத்துக்கிடுங்க," என்று பாஸ்டர் அப்பாவிடம் சொன்னார்.

பதினெட்டு வயதுப் பெண் சரியாகப் படித்திருந்தாள். நான் இப்போது எத்தனையோ தடவை அந்த அதிகாரத்தை வாசித்துவிட்டேன். அங்கே கேள்வி, யாரை வணங்குகிறாய், யாருக்கு உன்னை விற்கிறாய் என்பதுதான். அக்காவுக்கு அது புரிந்தது, கல்லூரிக்குப் போய் வேதம் படித்த ஆளுக்குப் புரியவில்லை. புரிந்தவள் வாயில் பிசாசு இருப்பதாகச் சொன்னார்கள்.

திங்கட்கிழமை காலை அப்பா வெந்நீர் அடுப்பைப் பற்றவைத்தார். அக்காவின் கையாலேயே கார்டை அதில் போடவைத்தார். முதலில் அவள் மறுத்தாள். நீ போடலன்னா நான் மறுபடியும் குடிக்கப் போயிடுவேன் என்றார் அப்பா. அம்மா அக்காவின் காலில் விழப்போனாள். அக்கா போட்டாள். பிளாஸ்டிக் சுருண்டு, போட்டோவில் முகம் கறுத்து, நீலக் கயிறு கடைசியாக எரிந்தது. அந்த நாற்றம் அன்று குளித்த தண்ணீரிலும் இருந்தது. முக்கூட்டு ரோட்டில் வேன் வந்து ஹாரன் அடித்தது. சிநேகிதி ஓடிவந்து வாசலில் நின்று அக்காவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அப்பா கதவைச் சாத்தினார். வேன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது.

அடுத்த ஞாயிறு அப்பா சபையில் எழுந்து சாட்சி சொன்னார். மகளை மிருகத்தின் கையிலிருந்து பிடுங்கினேன் என்றார். எல்லாரும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். அக்கா பெண்கள் வரிசையில் கடைசியில், தட்டிமேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

வருஷம் முடிந்தது. ஒன்றும் ஆகவில்லை. ஜனவரி முதல் தேதி காலையில் வழக்கம்போல் பால்காரர் மணி அடித்துக்கொண்டு வந்தார். கர்த்தர் இரக்கப்பட்டுக் காலத்தை நீட்டியிருக்கிறார் என்றார் பாஸ்டர். சரி, நீட்டினார்; அக்காவின் வேலையை யார் நீட்டுவது? அம்மா ஒருநாள் கம்பெனி கேட்டுக்குப் போய்க் கேட்டுப் பார்த்தாள். முதல் நாளே வராத பெண்ணை மறுபடி எடுக்கிற வழக்கம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சபையில் ஒருத்தரும் அதைப் பற்றிப் பேசவில்லை. புது சபைக் கட்டடம் எழும்பியபோது அந்தத் துணி சார்ட்டை சிமெண்ட் மூட்டைகள்மேல் மழைக்குப் போர்த்தியிருந்தார்கள். செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்து அந்தப் பக்கமெல்லாம் வெள்ளமானபோது, சார்ட் இல்லாமலே பழைய பிரசங்கம் மறுபடி வந்தது. நோய் வந்து ஊரடங்கிக் கிடந்தபோதும் வந்தது. இப்போது பிரசங்க மேடைக்குப் பக்கத்தில் காணிக்கைக்கென்று கறுப்புக் கட்டம் போட்ட அட்டை ஒட்டியிருக்கிறது, போனைக் காட்டிப் பணம் அனுப்புகிறோம். அதில் எந்த மிருகமும் தெரியவில்லை போலிருக்கிறது.

போன வருஷம் பாஸ்டரைப் போய்ப் பார்த்தேன். வயதாகிவிட்டது, கால் வீங்கியிருக்கிறது. கடுமையாகக் கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் வரிவரியாக ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் போனேன். எங்கள் அக்காவின் கார்டை நினைவிருக்கிறதா என்றேன். எந்த அக்கா என்று கேட்டார். அக்காவையே நினைவில்லை. என்னைத்தான் நினைவிருந்தது.

"நீ நல்லா பதில் சொல்லுத பிள்ளல்லா," என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை. அவர் கொடுத்த காபியைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன்.

நான் விசுவாசத்தை விட்டுவிட்டேன் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். விடவில்லை. இயேசு வருவார் என்றுதான் இன்றும் ஜெபிக்கிறேன். ஆனால் வேதத்தின் அந்தக் கடைசிப் புத்தகத்தை யாருடைய சார்ட்டும் இல்லாமல் முதலிலிருந்து நானே வாசித்தேன். ராஜாக்கள் கையில் அடிபட்டுச் செத்துக்கொண்டிருந்த ஏழை ஜனங்களுக்கு, பொறுத்துக்கொள்ளுங்கள், இந்த அக்கிரமம் ஜெயிக்காது, உங்கள் கண்ணீர் துடைக்கப்படும் என்று தைரியம் சொல்ல எழுதியது அது. அதை எடுத்து ஏழை ஜனங்களையே மிரட்டினார்கள். அந்த நாள் தனக்கே தெரியாது, பிதாவுக்கு மட்டும்தான் தெரியும் என்று இயேசு சொன்னதை விட்டுவிட்டார்கள். அதே இடத்தில் இன்னொன்றும் சொல்கிறார்: எஜமான் திரும்பி வரும்போது எந்த வேலைக்காரன் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கக் காண்கிறாரோ அவன் பாக்கியவான். விழித்திருப்பது என்றால் அதுதான். கோடு எண்ணுவது இல்லை. நாம் என்ன செய்தோம்? எஜமான் வருகிறார் என்று சொல்லி, வேலை செய்யப் போனவளைப் பிடித்து வீட்டில் உட்காரவைத்தோம்.

அக்கா ஜாக்கெட் தைத்தாள். கல்யாணம் ஆனது, இரண்டு பிள்ளைகள். அத்தான் லோடு வண்டியில் முதுகு ஒடிந்து படுத்தபிறகு, நாற்பது வயதுக்கு மேல் வேலை தேடினாள். காண்ட்ராக்டில் ஹவுஸ்கீப்பிங் வேலை கிடைத்தது. அதே கம்பெனி, அதே ஹால். சிநேகிதி அங்கே இப்போது சூப்பர்வைசர். அக்கா அவளோடு பேசுவதில்லை என்று எனக்குத் தெரியும். ஏன் என்று கேட்க எனக்கு ஒருநாளும் தைரியம் வந்ததில்லை.

உங்கள் படம் வந்த மறுநாள் அக்கா வீட்டுக்குப் போனேன். பி ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள், புடவைமேல் சாம்பல் நிறச் சட்டை. கதவுக்கு உள்ளேயே நின்று, அன்று பாஸ்டரிடம் சொன்னது நான்தான் என்று சொல்லிவிட்டேன். கை தூக்கியதையும் சொன்னேன். ஜியாமெட்ரி பாக்ஸையும் சொன்னேன்.

அக்கா தலை பின்னுவதை நிறுத்திவிட்டு உட்கார்ந்தாள். "அவதான் பொறாமைல பாஸ்டராண்ட சொல்லிட்டான்னு நெனச்சேன்டி," என்றாள். "இத்தினி வருசமா அவ மூஞ்சிய பாக்காம மாப்பு போட்டுகினு கீறேன்."

மன்னித்துவிடு என்றேன். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. பன்னெண்டு வயசுப் பொண்ண இன்னா சொல்றது என்று மட்டும் சொன்னாள். பிறகு, தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி, லைனில் எந்தப் பெண் ஒயரை மாற்றிச் சொருகினாலும் தூரத்திலிருந்தே தனக்குத் தெரிகிறது என்றாள். சொல்லக் கூடாதாம். துடைக்கிற ஆள் போர்டு கிட்டப் போகக் கூடாது என்பது ரூல்.

குழுவில் வந்த படத்தைக் காட்டி, இன்னமும் இதைத்தான் அனுப்புகிறார்கள், இயேசு வருகிறார், வருகிறார் என்று இன்னமும் மிரட்டுகிறார்கள் என்றேன். அக்கா போனை வாங்கி, கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"வரட்டும். அன்னிக்கே வந்திருந்தா ஒயர்ல என் கை போற வேகத்த பாத்திருப்பாரு. இப்ப வந்தா மாப்போட நிக்கறததான் பாப்பாரு."

கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது. பின்னாத பாதித் தலையை அப்படியே கொண்டையாக முடிந்துகொண்டு இறங்கிப் போனாள்.